வீடு அங்கே, ரூம் இங்கே

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்று சபதம் போட்டிருக்கிறாய். எடுக்காதே. உன் குரல் கேட்காததால் இங்கே யாருக்கும் சோறு இறங்காமல் போகவில்லை. ஆனால் தபால்காரரை நீ வாசலில் நிறுத்த முடியாது. ஜெராக்ஸ் கடைக்காரி நீ, அவரும் உன் கடைக்கு வந்து போகிற ஆள். அதனால்தான் கடிதம்.

அம்மா காரியம் முடிந்து திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் என்னைத் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கவுண்டர் வழியாகப் போய் வருகிறேன், நிரந்தரக் குடியிருப்பு அட்டையைக் காட்டினால் 'போ' என்று தலையாட்டுவார்கள். இந்தத் தடவை உட்கார்ந்திருந்தது ஒரு பொடிப் பயல். பேனா மூடியைக் கடித்துக்கொண்டே என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு வருஷத்துக்கு மேல் எங்கே போயிருந்தாய் என்றான். அம்மாவுக்குப் பக்கவாதம், படுக்கையில் இருந்தாள், போய்ச் சேர்ந்தாள் என்றேன். அனுதாபம் என்று ஒரு வார்த்தை வந்ததா? "அப்ப உன் வீடு எங்க?" என்றான்.

எப்போதும் சொல்வதைத்தான் சொன்னேன். "வீடு அங்க இருக்கு. இங்க ரூம்."

எழுதிக்கொண்டான். சொந்த வீடா என்று கேட்டான். அவன் உதட்டில் ஒரு இளக்காரம் இருந்தது, அதைப் பார்த்திருந்தால் நீயும் இதைத்தான் சொல்லியிருப்பாய். "பின்ன? எங்க வீடு. சொந்த வீடு. மாடி வச்ச வீடு." நடுத்தெருவில் நிற்கிறவனோடு பேசவில்லை என்று அவனுக்குத் தெரியட்டும் என்றுதான் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டான்.

அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து அனுப்பினான். வக்கீலம்மாவிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "நிரந்தரமா இங்க குடியிருக்கற உரிமைய நீங்களே கைவிட்டுட்டீங்கன்னு சொல்றாங்க. ஒரு வருஷத்துக்கு மேல வெளிய இருந்தீங்க, வீடு வேற ஊர்லன்னு உங்க வாயாலயே சொல்லியிருக்கீங்க." மே கடைசியில் விசாரணை. தோற்றால் நான் மூட்டை கட்ட வேண்டும். என் மகள் இங்கேயே பிறந்தவள், இந்த நாட்டுக் குடிமகள், பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். அவள் இங்கே இருப்பாள், நான் அங்கே இருப்பேன். தாயில்லாத பெண்.

அதனால் நீ ஒரு காகிதம் எழுதி அனுப்ப வேண்டும். 'இந்த வீட்டில் என் தம்பிக்கு எந்தப் பங்கும் இல்லை, அவனுக்கு இங்கே வீடு கிடையாது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அசலை அனுப்பு. சும்மா ஒரு காகிதம்தான். நிஜமான பங்கு விஷயத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். அதற்காக ஆடாதே.

தம்பி


பிப்ரவரி 20

மாடி வைத்த வீட்டின் சொந்தக்காரருக்கு,

எந்த மாடியடா? மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி நிற்கிறது, அதுவும் ஒழுகுகிறது. அதைக் காட்டியா ஒரு நாட்டு அதிகாரியிடம் பீற்றிக்கொண்டாய்? நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் உன்னையும் உட்கார வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நீ அன்றைக்குத் தூங்கியிருப்பாய்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது. இரண்டாவது தடவை எரிந்தது. பங்கு இல்லை என்று நான் எழுதித் தர வேண்டும், ஆனால் பங்கு அப்படியே இருக்க வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. இதே வீட்டுக்காக விடுதலைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போடுடா என்று அம்மா காரியம் முடிந்த கையோடு உன்னிடம் கேட்டேன். என்ன சொன்னாய்? "என் பங்க நான் எதுக்கு விடணும்? நீ இருந்துட்டுப் போ, யாரு வேணாங்கறா?" என்றாய். பெரிய மனசு! பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்றுகூடச் சொல்லவில்லை. "என் வீட்ல இருந்து நான் கிளம்பறதுக்கு உங்கிட்ட எதுக்கு சொல்லணும்?" என்றாய். அந்த வாய்தான் இன்றைக்கு என்னிடம் காகிதம் கேட்கிறது.

இன்னொன்று. வயசுப் பெண்ணை அங்கே சிநேகிதன் வீட்டில் விட்டுவிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் இங்கே உட்கார்ந்திருந்தாய். அம்மாவுக்கு மலஜலம் எடுத்தது நான். நீ கூடத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து வருகிறவன் போகிறவனிடம் ஊர்ப்பெருமை பேசினாய். அம்மா மேல் பாசமா, அம்மா படுத்திருந்த வீட்டின் மேல் பாசமா என்று உனக்கே தெரியும்.

அது என்னடா ரூம்? நீ அனுப்பிய போட்டோவெல்லாம் என்னிடம் இருக்கிறது. சோபா, ஜன்னல் திரை, துணி துவைக்கிற மெஷின், சுவரில் உன் பெண் கிறுக்கிய படம். கட்டிக்கொண்டு வந்தவள் குடித்தனம் நடத்திச் செத்துப்போன இடம். அதைப் போய் ரூம் என்று சொல்ல உனக்கு எப்படி நாக்கு வந்தது?

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அதற்குப் பிறகு உனக்கு இங்கே வீடு கிடையாது என்று எத்தனை காகிதம் வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். ஜெராக்ஸ் இலவசம்.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

ஜெராக்ஸ் இலவசமாம். ரொம்ப உபகாரம்.

ரூம் என்றால் என்னவென்று கேட்கிறாய், சொல்கிறேன். நான் இங்கே வந்தபோது ஒரே அறையில் ஒருத்தர் கால் மேல் ஒருத்தர் கால் போட்டுப் படுத்தோம். ஒருவன் வேலைக்குப் போனால்தான் இன்னொருவன் முதுகை நீட்ட முடியும். அப்போதிலிருந்து எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அது ரூம்தான். கல்யாணம் ஆகி, மூன்று அறை வீடு எடுத்து, குழந்தை பிறந்த பிறகும் லிஃப்ட் கம்பெனியில் வேலை முடிந்தால் "ரூமுக்குப் போலாமா?" என்றுதான் கேட்போம். இதையெல்லாம் அந்தப் பொடிப் பயலுக்கு உட்கார்ந்து விளக்க முடியுமா? அவன் மொழியில் ரூம் என்றால் நாலு சுவர், அவ்வளவுதான்.

என்னுடன் அந்த அறையில் படுத்திருந்தவர்களில், ஒட்டடைக்குச்சி என்று நாங்கள் பேர் வைத்தவன் மட்டும் கெட்டிக்காரன். கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணி இந்த நாட்டுக்காரனாகிவிட்டான். அவனை நாங்கள் ஓட்டாத ஓட்டா? 'தொரை வர்றாரு, வழி விடுங்கடா' என்று லிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்போம். நான் இங்கே இல்லாதபோது என் மகளை அவன் மனைவிதான் வைத்துப் பார்த்துக்கொண்டாள். இப்போது அவனே வந்து என் சோபாவில் உட்கார்ந்து, "அன்னிக்கே சொன்னேன் கேட்டியா?" என்கிறான். அவன் வாய்க்கு ஒரு டீயும் போட்டுக் கொடுத்தேன். என் தலையெழுத்து.

நான் ஏன் சத்தியம் பண்ணவில்லை என்று நீயும் கேட்பாய். வேறு எந்த ஊருக்கும் இனி நான் சொந்தமில்லை என்று கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். அம்மா உயிரோடு இருக்கும்போது எப்படிச் சொல்வேன்? அவள் நாளெல்லாம் என் மகன் வருவான், என் மகன் வருவான் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். அட்டையில் 'நிரந்தரம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தான். நிரந்தரம் என்றால் நிரந்தரம் என்று நம்பினேன். இதில் என்ன தப்பு?

அட்டை இல்லாததால் இப்போது என்னைக் கட்டடங்களுக்குள் விடுவதில்லை. இந்த நகரத்தில் பாதிப் பேர் நான் மாட்டிய கம்பிக் கயிற்றில்தான் மேலே போகிறார்கள். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே இருந்து என் பெயரைச் சொல்லித்தான் கத்துவார்கள். இப்போது ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து துருப்பிடித்த நட்டையும் துருப்பிடிக்காத நட்டையும் பிரித்துப் போடுகிறேன். மேனேஜர் வந்து தோளைத் தட்டி, எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். அவன் முழியைப் பார்த்தாலே தெரிகிறது, என் இடத்துக்கு ஆள் பார்த்தாயிற்று.

மகள் என்னோடு பேசுவதில்லை. வக்கீலம்மா வந்து விமான நிலையத்தில் கொடுத்த காகிதத்தைச் சத்தமாகப் படித்தபோது அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து வந்து நின்றாள். "நீ ரூம்ல இருந்திருக்கப்பா. நான் வீட்ல இருந்தேன்." அவ்வளவுதான் சொன்னாள். அன்றிலிருந்து தட்டை வைக்கிறாள், சோற்றைப் போடுகிறாள், கதவைச் சாத்திக்கொள்கிறாள். எனக்கு அது தாங்கவில்லை.

இப்போது உன் பேரத்துக்கு வருகிறேன். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன் என்றே வைத்துக்கொள். விசாரணையில் இவர்களும் போடா என்று சொல்லிவிட்டால்? எந்த வாசலில் போய் நிற்பேன்? சொந்தத் தம்பி தெருவில் நிற்பதைப் பார்க்கத்தான் உனக்கு இவ்வளவு அவசரமா? ஒரு வீட்டுக்காக இப்படியா ஒரு மனுஷிக்கு வெறி பிடிக்கும்!

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

வீட்டு வெறி. சரி, அதையும் சொல்லிவிட்டாய்.

புருஷன் வேறு ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டபோது நான் ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்தேன். நீ வெளிநாட்டுக்குப் போன அதே வருஷம். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அம்மா என்னைப் போ என்று சொன்னதில்லை. யாராவது வந்து கேட்டால் மட்டும், "பையன் வீடு. இவ இருக்கா, அவ்வளவுதான்" என்பாள். கூடத்தில் உட்கார்ந்து சொல்வாள், நான் அடுப்படியில் நின்று கேட்பேன். வாழாவெட்டி என்று தெருவில் சொன்னது போதாதென்று வீட்டுக்குள் இது வேறு.

நீ லீவில் வருகிறாய் என்று செய்தி வந்தால் படுக்கை அறையிலிருந்து என் துணிமணிகளை எடுத்துக்கொண்டு நான் கூடத்துக்கு வர வேண்டும். கட்டில் உனக்கு. நீ போனபிறகு மறுபடி உள்ளே. இப்படி எத்தனை தடவை என்று நீ நினைத்தே பார்த்திருக்க மாட்டாய். கடை போட முன் அறையைக் கேட்டபோது, "தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்றாள் அம்மா. கேட்டேன். நீ போனில் என்ன சொன்னாய் தெரியுமா? "போட்டுக்கோ. ஆனா செவுத்துல ஆணி கீணி அடிக்காத." நான் பிறந்த வீட்டில் ஓர் ஆணி அடிக்க எனக்கு அனுமதி இல்லை. இன்று வரை மெஷின் ஒயரைத் தரையில் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் எடுக்க வருகிற கிழவர்கள் தடுக்கி விழுந்து என்னைத் திட்டுகிறார்கள்.

கரண்ட் ஆபீஸ்காரன் வந்தால் கடைக்குள் நிற்கிற என்னைப் பார்த்தே, "வீட்டுக்காரர் இல்லையா?" என்பான். வெளிநாட்டில் இருக்கிறார் என்பேன். ஒரு மரியாதையோடு தலையாட்டிவிட்டுப் போவான். நீ யார் என்று என்னைக் கேட்டதே இல்லை.

உன்னிடம் அந்தப் பயல் ஒரு தடவை கேட்டான், உன் வீடு எங்கே என்று. உடனே உனக்கு உலகம் இடிந்து விழுந்துவிட்டது. கடிதம் என்ன, வக்கீல் என்ன, கண்ணீர் என்ன. என்னைத் தினமும் கேட்டார்கள். நீ அங்கே நிரந்தரவாசி என்றால் நானும் இங்கே அதேதான், எனக்கு அட்டைகூடக் கிடையாது. நாளைக்கு உன் மனசு மாறி வீட்டை விற்கலாம் என்று சொன்னால் நான் இந்த மெஷினைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு எங்கே போவேன்? அதை என்றைக்காவது யோசித்தாயா? ஒட்டடைக்குச்சியைப் பார்த்துச் சிரிக்க நேரம் இருந்தது, இதற்கு நேரம் இல்லை.

பொய்க் காகிதம் எழுத மாட்டேன். வில்லங்கம் எடுத்துப் பார்த்தால் உன் பேர் பளிச்சென்று நிற்கும். அப்புறம் பொய்ச் சாட்சி சொன்னதற்கும் சேர்த்து உன்னைத் துரத்துவார்கள். உன் வக்கீலம்மாவிடமே கேட்டுப் பார்.

அந்தப் பெண் சொன்னது சரி. அவளிடம் நான் சொன்னதாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 21

அக்காவுக்கு,

வக்கீலம்மாவும் நீ சொன்னதையே சொல்கிறாள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தீர்களோ என்னவோ.

தூதரகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டேன். வரிசையில் நின்றேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவன் நம் ஆள்தான், நம் மொழிதான். "சொத்தை விடறீங்களா? யோசிச்சுத்தான் விடறீங்களா?" என்று எனக்குப் புத்தி சொன்னான். பேனாவை வாங்கிப் போட்டேன். பத்திரம் இத்துடன் இருக்கிறது. இனி இந்த உலகத்தில் என் பேரில் ஒரு செங்கல் கிடையாது. திருப்திதானே? நன்றாகக் காலை நீட்டிப் படு.

காகிதத்தை உடனே அனுப்பு. தாமதம் பண்ணினால் அதற்கும் ஒரு காரணம் சொல்வாய், எனக்குத் தெரியும்.

உன் செய்தியை மகளிடம் சொன்னேன். "அத்தை பேரு என்னப்பா?" என்று கேட்டாள். இத்தனை வருஷமாக நான் அவளிடம் உன்னைப் பற்றி அவ்வளவுதான் பேசியிருக்கிறேன் போலிருக்கிறது.

தம்பி


மே 8

தம்பிக்கு,

பத்திரம் வந்தது, பதிவாகிவிட்டது. நீ கேட்ட காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் இப்படி எழுதியிருக்கிறேன், மொழிபெயர்ப்பவனிடம் சரியாகச் சொல்:

'இந்த வீடு எனக்கு மட்டும் சொந்தம். என் தம்பிக்கு இதில் பங்கு இல்லை. அவனுக்கு இங்கே வீடு கிடையாது. தாயார் படுக்கையில் இருந்தபோது மகன் என்ற முறையில் வந்து தங்கினான், காரியம் முடிந்ததும் தன் வீட்டுக்கும் மகளிடமும் திரும்பிப் போனான்.'

கடைசி வரியில் 'தன் வீட்டுக்கு' என்று எழுதும்போது எனக்கே வயிறு எரிந்தது. உனக்கு அது வீடு என்று உன்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

விசாரணையில் வாயை மூடிக்கொண்டு இரு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். மாடி, கீடி என்று ஆரம்பிக்காதே.

அக்கா


ஜூன் 4

அக்காவுக்கு,

விசாரணை முடிந்தது. அட்டை திரும்பக் கிடைத்துவிட்டது.

உன் காகிதத்தை அவர்கள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. உறை ஒட்டியபடியே வக்கீலம்மாவிடம் திரும்ப வந்தது. மேஜைக்குப் பின்னால் ஒரு வயசான அதிகாரி. என்னிடம் நாலு கேள்வி கேட்டான், நான் வேர்த்துப்போய் அரைகுறையாகச் சொன்னேன். அப்புறம் மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். அவள் ஒரு பயமும் இல்லாமல் அவர்கள் மொழியில் பட்டென்று சொன்னாள்: "அவரு எந்த வீட்ல இருந்தாலும் ரூம்னுதான் சொல்வாரு. அவருக்குப் பேசத் தெரியாது. பேசத் தெரியாதவங்களை எல்லாம் வெளிய அனுப்பறதுன்னா முதல்ல உங்க கவுண்டர்ல உக்காந்திருக்கறவங்கள அனுப்புங்க." எனக்கு உயிரே போய்விட்டது. அந்த ஆள் சிரித்துவிட்டான். தாய் சாகக் கிடந்தால் எவனும் நாள் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் என்று அவனே சொன்னான்.

ஆனால் முழுசாகக் கொடுக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு மட்டும். அதற்குப் பிறகு மறுபடி கூப்பிட்டுப் பார்ப்பார்களாம். அதுவரைக்கும் குடியுரிமைக்கு மனுப் போடவும் முடியாதாம். மேலே அதே பெரிய எழுத்தில் 'நிரந்தரம்', கீழே பால் பாக்கெட்டில் போடுவது மாதிரி ஒரு தேதி. வெட்கம்கெட்டவர்கள்.

ஆக, நான் கையெழுத்துப் போட்டது வீண். காகிதம் தேவைப்படவே இல்லை என்றால் பத்திரத்துக்கும் அர்த்தம் இல்லை, நியாயம்தானே? அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக ஆகிவிட்டது எனக்கு. அதனால் என் பங்கை மறுபடி என் பேருக்கு எழுதிக் கொடு. இரண்டு வருஷம் கழித்து இவர்கள் மனசு மாறினால் எனக்கு என்று ஒரு இடம் வேண்டாமா? நீ அங்கேயே இருந்துகொள். நான் என்றைக்காவது உன்னைப் போ என்று சொன்னேனா?

தம்பி


ஜூன் 25

தம்பிக்கு,

எழுதிக் கொடுக்க மாட்டேன்.

'நான் என்றைக்காவது உன்னைப் போ என்று சொன்னேனா' என்று எழுதியிருக்கிறாயே, அதைக் கொஞ்சம் திருப்பிப் படி. உன் அதிகாரியும் இதைத்தானே சொல்கிறான்? போ என்று சொல்லவில்லை, இரண்டு வருஷம் இருந்துகொள் என்கிறான். அவன் சொன்னால் வெட்கம்கெட்டவன். நீ சொன்னால் பெரிய மனசு. இந்த ஒரு விஷயம் உன் மண்டையில் ஏற இன்னும் எத்தனை விசாரணை வேண்டுமோ!

இரண்டு வருஷம் கழித்து உன்னைத் துரத்தினால் இங்கே வா. வாசலில் நிற்க வைக்க மாட்டேன், உன்னைப் போல் எனக்குக் கல் மனசு இல்லை. முன் அறை கடை, படுக்கை அறை எனக்கு. கூடத்தில் பாய் போட்டுத் தருவேன். வாடகை வேண்டாம். கடையில் ஆளில்லாதபோது மெஷினைப் பார்த்துக்கொள். கரண்ட் ஆபீஸ்காரன் வந்து வீட்டுக்காரர் இல்லையா என்று கேட்டால் உள்ளே வந்து என்னைக் கூப்பிட வேண்டும். வருகிறவன் போகிறவனிடம் 'அக்கா வீடு' என்று சொல்ல வேண்டும். 'எங்க வீடு' என்று ஒரு தடவை சொன்னாலும் அன்றைக்கே பெட்டியை எடுத்து வெளியே வைப்பேன். இதுதான் உனக்கு இங்கே கிடைக்கிற நிரந்தரம்.

உன் மகள் போன வாரம் எனக்குப் போன் பண்ணினாள். உனக்குத் தெரியாது. எடுக்க மாட்டேன் என்ற சபதம் உன் நம்பருக்குத்தான், அவள் நம்பருக்கு இல்லை. தமிழ் கொஞ்சம் கோணல்மாணலாக வருகிறது, ஆனால் கோபம் வந்தால் நன்றாகவே பேசுகிறாள். உன்னை ரொம்ப நேரம் திட்டினாள். நானும் சேர்ந்து திட்டினேன். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அதனால் எனக்குப் பிறகு இந்த வீடு அவளுக்கு என்று உயில் எழுதிப் பதிவு செய்துவிட்டேன். கட்டினவன் விட்டான், பெற்றவள் தம்பியைக் கேட்டுக்கொள் என்றாள், கூடப்பிறந்தவன் ஆணி அடிக்காதே என்றான் என்று ஒரு பெண் எந்த வாசலிலும் நிற்கக் கூடாது. அங்கே நீ அவள் வீட்டில்தான் இருக்கிறாய். இங்கே வந்தாலும் இனி அவள் வீட்டுக்குத்தான் வருவாய். இன்று முதல் அவளிடம் மரியாதையாகப் பேசிப் பழகு.

அக்கா